"ஆசிரியரின் நோக்கம் என்ன?" என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் "அறிவுரை கூற" என்றே எழுதுகிறார்கள்

வாசிகசாலை டீச்சர், கல்லடி

வணக்கம். எங்கள் வாசிகசாலையில் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு 14 பிள்ளைகள் வருகிறார்கள். தரம் 6, தரம் 7. எல்லாரும் சரளமாக வாசிப்பார்கள். யார், எங்கே, எப்போது என்று பந்தியில் நேரே இருப்பதைக் கேட்டால் கை தூக்காத பிள்ளை இல்லை. "இதை எதற்காக எழுதியிருக்கிறார்?" என்று கேட்டால் கதைக்கும் விளம்பரத்துக்கும் பத்திரிகைச் செய்திக்கும் ஒரே விடைதான்: "எமக்கு அறிவுரை கூறுவதற்காக."

நோக்குநிலையும் சிக்கல். "இந்த விடயத்தை எழுதியவர் எப்படிப் பார்க்கிறார்?" என்றால் "படர்க்கையில் பார்க்கிறார்" என்று பதில் வருகிறது. கதையில் "நான்" என்று வந்தால் அது எழுதியவரே என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கையில் இருப்பது பழைய பத்திரிகைகள், டெங்கு பற்றிய துண்டுப்பிரசுரங்கள், சிறுவர் கதைப் புத்தகங்கள். போட்டோ கொப்பி வாரத்துக்கு 20 பக்கம்தான் எடுக்கலாம். நேரம் 1 மணித்தியாலம். எதில் தொடங்குவது, எப்படிப்பட்ட பந்தி கொடுப்பது, விடையை எப்படித் திருத்துவது? படிப்பிக்கிறவர்கள் சொல்லுங்க.

சம்மாந்துறை சேர்

டீச்சர், முதலில் கேள்வியிலுள்ள ஒரு சொல்லை மாற்றிப் பாருங்க. தமிழில் "ஆசிரியர்" என்றால் நூல் எழுதியவரும் ஆசிரியர், வகுப்பில் படிப்பிக்கிறவரும் ஆசிரியர், பத்திரிகையை நடத்துகிறவரும் ஆசிரியர். பிள்ளைக்கு நாளாந்தம் தெரிந்தவர் நடுவில் உள்ளவர் மட்டுந்தான். அவர் வேலை அறிவுரை சொல்வது. ஆகவே "ஆசிரியரின் நோக்கம்" என்று கேட்டவுடன் அந்த விடை வந்து விழுகிறது. "எழுதியவர்" என்றே கேளுங்க. பரீட்சைத் தாளில் "ஆசிரியர்" என்று வரும் என்பதால், நான்காம் ஐந்தாம் வாரத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொடுத்தால் போதும். இன்னொரு காரணமும் உண்டு. சிறு வகுப்பிலிருந்தே ஒவ்வொரு கதை முடிவிலும் "இக்கதையால் நாம் அறியும் பாடம் யாது?" என்று கேட்டுப் பழக்கியிருக்கிறோம். பிள்ளைகள் அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது, "தகவல் தருதல், இணங்கவைத்தல், மகிழ்வித்தல்" என்ற பெயர்களை முதல் நாளே கரும்பலகையில் எழுதாதீங்க. எழுதினால் பந்தியைப் பார்க்காமல் பலகையைப் பார்த்து ஊகிப்பார்கள். ஒரே பொருளைப் பற்றி நான்கு துண்டு கொடுங்க. பொருள் ஒன்றாக இருக்க வேணும், இது முக்கியம். ஒன்று யானை, ஒன்று தேயிலை, ஒன்று நிலா என்று கொடுத்தால் தலைப்பை வைத்தே பிரித்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எருமைத் தயிர் போதும்:

முதல் துண்டு: "பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடவும். கொஞ்சம் பழைய தயிர் கலந்து சட்டியில் ஊற்றி மூடி வைக்கவும். உறையும் வரை சட்டியை அசைக்க வேண்டாம்."

இரண்டாம் துண்டு: "எருமைப் பாலில் பசுப்பாலைவிடக் கொழுப்பு அதிகம். அதனால் எருமைத் தயிர் கெட்டியாக இருக்கும். மண்சட்டி தயிரிலுள்ள நீரை உறிஞ்சுவதால் அது மேலும் இறுகுகிறது."

மூன்றாம் துண்டு: "கோப்பையில் தளதளவென்று ஆடுவதும் தயிரா? எங்கள் சட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள், ஒரு துளி விழாது. இன்றே ஒரு சட்டி வாங்குங்கள்!"

நான்காம் துண்டு: "உம்மா சட்டியைத் திறக்கும் வரை நானும் பூனையும் ஒரே பாயில் காத்திருந்தோம். ஆடை பூனைக்கு, தயிரும் பாணியும் எனக்கு என்று பங்குகூடப் பிரித்தாயிற்று. உம்மாவுக்குத்தான் இந்த ஒப்பந்தம் தெரியாது."

வாசித்ததும் ஒரு கேள்வி மட்டும்: "இதை வாசித்து முடித்த ஆள் அடுத்து என்ன செய்ய வேணும் என்று எழுதியவர் விரும்புகிறார்?" முதலாவதை வாசித்தவர் அடுப்படிக்குப் போவார். இரண்டாவதை வாசித்தவருக்கு ஒரு விடயம் விளங்கியிருக்கும். மூன்றாவது கடைக்கு அனுப்பும். நான்காவது சிரிக்க வைக்கும். பிள்ளைகள் இதைத் தங்கள் சொல்லில் சொன்ன பிறகு, "எந்தச் சொல்லைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டுப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்க. "ஆறவிடவும்", "அதனால்", "இன்றே", "ஒப்பந்தம்" என்று வட்டங்கள் விழும். வட்டமிடாத விடையை ஏற்காதீங்க. சரியான விடையாக இருந்தாலும் ஏற்காதீங்க.

இதில் பிழைக்கிற இடம் கலப்பு நோக்கம். உங்களிடம் இருக்கிற டெங்குப் பிரசுரம் அதற்குப் பொருத்தமான பாடம். டெங்கு நுளம்பு தேங்கி நிற்கும் தெளிந்த நீரில் முட்டையிடும், முட்டை நுளம்பாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும், ஆகவே வாரம் ஒரு முறை சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் துப்புரவு செய்யுங்கள் என்ற மாதிரி அதில் இருக்கும். பாதிப் பிள்ளைகள் "தகவல்" என்பார்கள், பாதி "இணங்கவைத்தல்" என்பார்கள். இரண்டும் இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடக் கூடாது. எது எதற்கு வேலை செய்கிறது என்று பார்க்க வேணும். உள்ளங்கையால் மூடும் சோதனை ஒன்று இருக்கிறது. கடைசிக் கட்டளை வரிகளை மூடிவிட்டு வாசியுங்க. நுளம்பு பற்றிய பந்தியாக நிற்கும், ஆனால் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த காரணம் போய்விடும். இப்போது நுளம்பின் வாழ்க்கை வட்டத்தை மூடுங்க. "வாரம் ஒரு முறை துப்புரவு செய்யுங்கள்" என்பது மட்டும் நின்றாலும் பிரசுரம் தன் வேலையைச் செய்துவிடும், ஏன் என்ற காரணம்தான் குறையும். எதை மூடினால் எழுதியதே வீணாகிறதோ அங்கேதான் முதன்மை நோக்கம். "ஒரு வாரம்" என்ற தகவல் "வாரம் ஒரு முறை" என்ற வேண்டுகோளுக்கு முட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

திருத்துவதற்கு 4 புள்ளி வையுங்க. யாருக்கு எழுதினார் என்பதற்கு 1, அவரிடம் எதை எதிர்பார்க்கிறார் என்பதற்கு 1, பந்தியிலிருந்து எடுத்த சான்றுச் சொல்லுக்கு 2. "வீட்டில் இருப்போர் நீர் தேங்கும் இடங்களை வாரந்தோறும் துப்புரவு செய்ய வேண்டும் என்று இணங்கவைக்க எழுதியுள்ளார். 'உங்கள் வீட்டில்', 'இன்றே' என்ற சொற்கள் இதைக் காட்டுகின்றன" என்றால் முழுப் புள்ளி. "அறிவுரை கூற" என்று மட்டும் எழுதினால் பூச்சியம் போடாதீங்க. "யாருக்கு? என்ன அறிவுரை?" என்று பக்கத்தில் எழுதித் திருப்பிக் கொடுங்க. அந்த இரண்டுக்கும் விடை எழுதும்போது பிள்ளை தானாகவே சரியான இடத்துக்கு வந்துவிடும்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து

நோக்கம் பற்றிச் சேர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் நோக்குநிலைக்கு வாறேன்.

மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தொடங்க வேறு பாடமே வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். வாவிக்குக் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. "இந்தப் பெயரை வைத்த ஆள் எங்கே நின்று பார்த்திருப்பார்?" என்று கேளுங்க. வாவியில் தோணியில் நிற்பவருக்குத்தான் இரண்டு பெயரும் ஒருசேரப் பொருந்தும். படுவான்கரையில் வயல் செய்கிறவருக்கும் சூரியன் காலையில் எழத்தான் செய்கிறது. பெயர் பொய்யில்லை, நின்ற இடம் வேறு. இந்த ஒரு கேள்விக்கு 5 நிமிடம் ஒதுக்கினால் நோக்குநிலை என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

பிறகு ஒரே சம்பவத்துக்கு இரண்டு பந்தி கொடுங்க.

"நேற்றிரவு காட்டு யானைகள் கிராமத்துக்குள் புகுந்து, அறுவடைக்குத் தயாராக இருந்த இரண்டு ஏக்கர் வேளாண்மையை நாசம் செய்தன. ஒரு போகத்து உழைப்பு ஒரே இரவில் அழிந்தது."

"தீனி தேடி வந்த மூன்று யானைகள் நேற்றிரவு வயலொன்றில் மேய்ந்துவிட்டுத் திரும்பின. அவை முன்பு நடமாடிய பாதையில் இப்போது மின்வேலி நிற்கிறது."

இரண்டு நிற பென்சில் எடுக்கச் சொல்லுங்க. போய்ப் பார்த்து எண்ணக்கூடியது, அளக்கக்கூடியது எல்லாம் சிவப்பு: நேற்றிரவு, இரண்டு ஏக்கர், மூன்று யானை, மின்வேலி. எழுதியவர் தானாகத் தெரிவு செய்த சொல் நீலம்: புகுந்து, நாசம், தீனி தேடி, மேய்ந்துவிட்டு. பிறகு மூன்றாவது வேலை. இதை வழக்கமாக விட்டுவிடுகிறோம், ஆனால் பெறுமதி இதில்தான் இருக்கிறது. ஒருவர் சொல்லாமல் விட்டதை மற்றவரின் பந்தியில் தேடச் சொல்லுங்க. முதலாமவர் எத்தனை யானை, ஏன் வந்தன என்று சொல்லவில்லை. இரண்டாமவர் எத்தனை ஏக்கர், யாருடைய உழைப்பு என்று சொல்லவில்லை. கடைசியாக நீலச் சொற்களை மட்டும் இடம்மாற்றி எழுதச் சொன்னால், சிவப்பு அப்படியே இருக்கப் பந்தி திரும்பி நிற்பதைத் தாங்களே பார்ப்பார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "யார் சரி?" என்று ஆரம்பத்தில் கேட்க வேண்டாம். எங்கள் ஊர்களில் யானையால் வேளாண்மை இழந்த வீட்டுப் பிள்ளை அந்த வட்டத்தில் இருக்கும். கேட்டால் வாசிப்பு நின்று வாக்குவாதம் தொடங்கிவிடும். "இந்தப் பந்தியை எழுதியவர் யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்?" என்று மட்டும் கேளுங்க. பக்கம் சார்ந்து எழுதுவதும் பொய் எழுதுவதும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேணும். இல்லாவிட்டால் அடுத்த வாரமே எல்லாப் பத்திரிகையும் பொய் என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

தமிழில் எழுதியவரின் மனம் ஒளிந்திருக்கும் இடங்கள் சில உண்டு. வேற்று மொழிப் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பித்தால் இவை கையில் அகப்படா.

முதலாவது மரியாதை விகுதி. "முதலாளி வந்தார், தொழிலாளி வந்தான்." இருவரும் வந்ததுதான் செய்தி. ஆர், ஆன் இரண்டும் எழுதியவர் போட்டவை. "இளைஞர் ஒருவர் கைது செய்யப்பட்டார்", "இளைஞன் ஒருவன் கைது செய்யப்பட்டான்" என்று இரண்டையும் எழுதி, எந்தப் பத்திரிகை தீர்ப்பு வருமுன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று கேளுங்க.

இரண்டாவது இடைச்சொல், அடைச்சொல் போன்ற சிறு சொற்கள். 1,000 பேர் வந்தார்கள். 1,000 பேர்தான் வந்தார்கள். 1,000 பேர் திரண்டு வந்தார்கள். எண்ணிக்கை மாறவில்லை. நடு வரியை எழுதியவர் ஏமாற்றமடைந்தவர், கடைசி வரியை எழுதியவர் பூரித்துப்போனவர். தான், ஏ, கூட, வெறும், மட்டும் ஆகிய ஐந்தையும் ஒரு பழைய பத்திரிகைப் பக்கத்தில் 10 நிமிடம் தேடவிடுங்க.

மூன்றாவது "ஆம்". "காசைத் திருப்பிக் கொடுத்தாராம்" என்றால் கேள்விப்பட்டதாகவும் இருக்கலாம், நம்பவில்லை என்பதாகவும் இருக்கலாம். எது என்பது முன்பின் வரியில்தான் தெரியும். நான்காவது செயப்பாட்டுவினை. "மரங்கள் வெட்டப்பட்டன" என்ற வரியைக் கண்டால் "யாரால்?" என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்க. விடை பந்தியில் இல்லை என்றால் ஏன் இல்லை என்பது அடுத்த கேள்வி. சில வேளை எழுதியவருக்கே தெரியாமல் இருக்கும், சில வேளை சொல்ல விரும்பாமல் இருக்கும்.

வாசிகசாலை டீச்சர், கல்லடி

இருவருக்கும் மிக்க நன்றி. எழுவான்கரை, படுவான்கரை கேள்வியை இந்தச் சனியே கேட்கப்போகிறேன். கதையில் வரும் "நான்" சிக்கலுக்கும் யாராவது வழி சொன்னால் நல்லது. இன்னொன்று, 14 பேரில் இரண்டு பேர் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது?

வந்தாறுமூலை கூத்துக்காரன்

டீச்சர், "நான்" சிக்கலுக்குக் கூத்துக் களரியிலிருந்து வாங்க. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் அரசன் களரிக்குள் வரும் "வரவு" கட்டத்தில் தன் வீரத்தைத் தானே பாடிக்கொண்டு வருவார். "நான்" என்று பாடுகிறது துரியோதனன். ஆடுகிறவர் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவர். பாட்டை எழுதினவர் வேறொருவர். பழக்கினவர் அண்ணாவியார். துரியோதனன் தன்னைப் புகழ்ந்து பாடினான் என்பதற்காக எழுதினவர் அவன் பக்கம் என்று ஆரும் சொல்லமாட்டார்கள். கதையில் வரும் "நான்" என்பதும் எழுதியவர் போட்ட வேஷம்தான். கூத்துப் பார்த்த பிள்ளைக்கு இதை ஒரு தடவை சொன்னால் போதும். பார்க்காத பிள்ளைக்குப் பாடசாலை நாடகத்தைச் சொல்லுங்க.

பயிற்சிக்கு இப்படி ஒரு பந்தி வேணும்:

"நான் ஒருபோதும் பொய் சொல்வதில்லை. பேணியிலிருந்த முறுக்கைத் தின்றது எலிதான். எலி எப்படி மூடியைத் திறந்தது என்று தங்கச்சி கேட்டாள். அவளுக்கு எப்போதும் தேவையில்லாத கேள்விதான். நான் விரலிலிருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போனேன்."

மூன்று கேள்வி. "நான்" என்று சொல்வது யார்? அவன் எதை நம்பச் சொல்கிறான்? எழுதியவர் அவனை நம்புகிறாரா? மூன்றாவதுக்கு விடை எண்ணெயில் இருக்கிறது. மூடி பற்றிய கேள்வியையும் எண்ணெய் விரலையும் பந்திக்குள் வைத்தது அந்தப் பொடியன் இல்லை, எழுதியவர். கதைசொல்லியை மீறி எழுதியவர் எங்களுக்குக் காட்டும் சாடை அது. பொதுவாக மூன்று இடத்தில் தேடலாம்: சொல்லும் செயலும் முரண்படும் இடம், மற்றப் பாத்திரங்கள் அவனுக்கு எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்பது, முடிவில் எழுதியவர் அவனுக்கு என்ன நடக்கவிடுகிறார் என்பது.

பிறகு அதே பந்தியைத் தங்கச்சி சொல்வதுபோல எழுதச் சொல்லுங்க. 5 வரி போதும். இங்கே பிள்ளைகள் விடும் பிழை, "நான்" என்பதை "அண்ணா" என்று மாற்றிவிட்டு மிச்சத்தை அப்படியே பார்த்தெழுதுவது. தங்கச்சி அண்ணனின் எண்ணெய் விரலைக் கண்டாளா? காணவில்லை என்றால் அந்த வரி வெட்டுப்பட வேணும். அவள் மனதில் இருந்த சந்தேகம் புதிதாக வர வேணும். ஆருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று கணக்குப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி.

படர்க்கையில் எழுதினால் நடுநிலை என்ற எண்ணமும் இருக்கும். "அவன் பயந்தான். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை" என்பது படர்க்கைதான், ஆனால் நாம் அவன் தலைக்குள் மட்டுமே இருக்கிறோம். "யாருடைய மனதுக்குள் போக முடிகிறது?" என்று கேட்டால் பிடிபடும்.

எங்கள் ஊர்க் கவிகளையும் விடாதீங்க. மச்சான் கேட்பதும் மச்சி மறுமொழி சொல்வதுமாக வரும் நாட்டார் கவியில் ஆர் பேசுவது என்று மேலே பெயர் போட்டிருக்காது. விளிச்சொல்லை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேணும். நாலு வரிதான், பாடியும் காட்டலாம். எழுத்துக்கூட்டும் பிள்ளையும் காதால் கேட்டுப் பிடித்துவிடும்.

அக்கரைப்பற்று

எழுத்துக்கூட்டும் இரண்டு பேருக்கும் காதால் கேட்கிற பாடமே சரி. ஒலிபெருக்கி அறிவித்தல், பஸ் நிலையத்தில் கூவி அழைப்பது, மரண அறிவித்தல், மீன்காரரின் குரல் எல்லாம் நோக்கமுள்ள பேச்சுத்தான். மற்றவர்கள் பந்தி வாசிக்கும்போது இவர்களுக்கு நீங்களே வாசித்துக் காட்டிவிட்டு, வட்டமிடுகிற வேலையை மட்டும் கொடுங்க. சிந்திப்பதில் அவர்கள் பின்தங்கியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு விடயத்தில் நான் சம்மாந்துறை சேரோடு உடன்படவில்லை. பெயர்களைப் பிந்திக் கொடுப்பது சரி, ஆனால் மூன்று பெயர் போதாது. மூன்றே பெட்டி இருந்தால் நான்காவது விடயத்தையும் ஏதோவொரு பெட்டிக்குள் திணிப்பார்கள். இரண்டாம் வாரமளவில் ஒரு பிரிஸ்டல் போட்டில் வினைச்சொற்களாக எழுதித் தொங்கவிடுங்க: அறிவிக்க, விளக்க, எச்சரிக்க, இணங்கவைக்க, கண்டிக்க, பாராட்ட, நினைவுகூர, கேள்வி எழுப்ப, சிரிக்கவைக்க. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை எடுத்துக்கொள்ளுங்க. திகதியும் சேதமும் சொல்லும் குறிப்பு அறிவிக்க. காற்று ஏன் சுழல்கிறது என்பது விளக்க. காற்று ஓய்ந்ததுபோல இருந்தாலும் வெளியே வராதீர்கள், நடுப்பகுதி கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும் என்பது எச்சரிக்க. கூரை பறந்த இரவைப் பேத்திக்குச் சொல்வது நினைவுகூர. இதில் கடைசி இரண்டையும் "தகவல்" என்ற பெட்டிக்குள் போட்டால் பாடமே கெட்டுவிடும். 2004 சுனாமியை மட்டும் இந்தப் பயிற்சிக்கு எடுக்க வேண்டாம். கல்லடியில் பல வீடுகளில் அது இன்னும் ஆறாத துக்கம், பிள்ளைகள் வீட்டில் கேட்டதைத்தான் கொண்டுவருவார்கள்.

பந்தியின் நீளம் தரம் 6 இற்கு 60 முதல் 80 சொல், தரம் 7 இற்கு 120 வரை. அதைவிட நீண்டால் விளங்கிக்கொள்வதிலேயே நேரம் போய்விடும். மூன்று தடவை வாசிக்க வேணும்: முதல் தடவை என்ன நடந்தது என்பதற்கு, இரண்டாம் தடவை பென்சிலோடு, மூன்றாம் தடவை விடை எழுதிய பிறகு சரிபார்க்க. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு சோடிப் பந்திக்கு மேல் வேண்டாம்.

போட்டோ கொப்பிக் கணக்கு இப்படிப் போடலாம். ஏ4 தாளைக் குறுக்கே வெட்டினால் ஒரு பக்கத்தில் இரண்டு பிரதி. பிள்ளைகளை இருவர் இருவராக இருத்தினால் 14 பேருக்கு 7 பிரதி, அதாவது 4 பக்கம். சோடியாக இருப்பது தாளை மிச்சப்படுத்த மட்டுமில்லை. எந்தச் சொல்லை வட்டமிடுவது என்று ஒருவரோடொருவர் வாதாட வேணும், ஒரு தாளில் ஒரு பென்சில்தான். மிச்சமுள்ள 16 பக்கத்தில் 14 ஐ வீட்டுக்குக் கொண்டுபோக ஆளுக்கொன்று எடுங்க. அதில் பந்தி மட்டும் இருக்கட்டும், கேள்வி வேண்டாம். வீட்டில் ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டி, "இதை எழுதினவர் ஆருடைய பக்கம்?" என்று கேட்டு, அவர் சொன்ன விடையையும் காரணத்தையும் பின்பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்க. அடுத்த சனி அந்த 14 விடையையும் மேசையில் பரப்பிவைத்துத் தொடங்கலாம்.